சகலை விற்ற யானை

பெருமதிப்புக்கும், அதைவிடப் பெரிய விலைக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் கொழுந்தியாளும் நலம். வண்டி நலமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பது நான் விசாரிக்காமலே தெரியும், ஏனென்றால் வண்டி இங்கேயல்லவா இருக்கிறது.

போனில் பேசுவதை விட்டுவிட்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நேற்று வரை பதினேழு முறை உங்களைக் கூப்பிட்டேன். பதினேழு முறையும் ஒரு பெண்தான் எடுத்து, நான் கூப்பிட்டவர் இப்போது பேசக்கூடிய நிலையில் இல்லை என்று குழைந்தாள். அவளுக்கும் எனக்கும் இப்போது நல்ல பழக்கமாகிவிட்டது. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

கடிதம் எனக்குப் புதிதல்ல. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரார் எழுதுவதை வாங்கி, முத்திரை குத்தி, பதிவு எண் போட்டு, அலமாரியில் அடுக்கி, அது மஞ்சளாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே ஒன்று எழுதுகிறேன். மரியாதையாக ஆரம்பிக்கிற மனு அடியில் போகும், திட்டி ஆரம்பிக்கிற மனு மேலே வரும் என்பது எங்கள் அலுவலக ரகசியம். மேலே மரியாதையாக ஆரம்பித்துத் தொலைத்துவிட்டேன். பரவாயில்லை, கீழே சரிக்கட்டிவிடுகிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். உங்கள் வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு, கொடுத்த பணத்தை ஒன்றாம் தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது என் பணம் என்றால் நானும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிருப்பேன். உங்கள் கொழுந்தியாள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் தையல் மெஷினைத் திணித்து, முழங்கை சுவரில் இடிக்காதபடி உடம்பைக் கோணலாக்கிக்கொண்டு, நாலு வருஷம் தைத்துச் சேர்த்த பணம் அது. ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு சின்னக் கடை பிடிக்க வேண்டும், முழங்கையை நீட்டித் தைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான்தான் புத்திசாலி மாதிரி குறுக்கே பாய்ந்தேன். "முதல்ல ஆர்டர் வரட்டும். ஆர்டரைக் கொண்டுபோக வண்டி வேணும். வண்டி வந்துட்டா கடை தானா வரும்"னு சொன்னேன். "சரி, ஒரு சின்ன லோடு வண்டி போதும்"னு அவளும் பணத்தைக் கொடுத்தாள்.

சின்ன லோடு வண்டி வாங்கத்தான், சகலை, நான் கிளம்பினேன். வழியில் உங்கள் வீடு இருந்தது. விதி வேறு எங்கே இருக்கும்?

அன்றைக்கு நீங்கள் அந்தத் துணி உறையை உருவிய அழகு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கறுப்பாக, பளபளவென்று, ஒரு பெரிய வெளிநாட்டுக் கார், எருமை குளித்துவிட்டுக் கரையேறியது மாதிரி நின்றது. நான் வாயைத் திறந்ததைப் பார்த்ததும் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"இதை வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலை சகலை. பத்து வருஷ வண்டின்னு நினைக்காதீங்க. பத்து வருஷ அனுபவம்."

நான் கதவில் கைவைத்தேன். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வண்டி முன்பக்கமாக ஒரு சாண் இறங்கியது.

"என்ன சகலை, இறங்குது?"

"காத்து சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. முதலாளியைப் பாத்தா குனியும். மரியாதை தெரிஞ்ச வண்டி."

சகலை, எனக்கு ஆபீசில் யாரும் குனிந்ததில்லை. வீட்டில், கேட்கவே வேண்டாம். வாழ்க்கையில் என்னைப் பார்த்துக் குனிந்த முதல் ஜீவன் அதுதான். அங்கேயே விழுந்துவிட்டேன். ஒவ்வொரு மனுவிலும் 'நேரில் ஆய்வு செய்து அறிக்கை தருக' என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறவன், பானெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கியிருந்தாலும் அங்கே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் இருந்திருக்கும், அதைப் பார்த்து நானும் தலையாட்டியிருப்பேன் என்பது வேறு விஷயம். "புதுசுல இது ஒரு வீட்டு விலை, உங்களுக்கு லோடு வண்டி விலையிலேயே தர்றேன்" என்று நீங்கள் சொன்னபோது, உலகத்தில் இப்படியும் ஒரு சகலையா என்று என் கண் கலங்கியது. இப்போதும் கலங்குகிறது.

இந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்கனவே மனப்பாடம்தான். பெரிய வண்டி பழசானால் வண்டியின் விலைதான் இறங்கும். அதற்குள் இருக்கிற பம்ப்பு, பை, பைப், மோட்டார் எதற்கும் தான் பழசாகிவிட்ட சங்கதி தெரியாது. அவையெல்லாம் இன்னும் வீட்டு விலை வண்டியில்தான் குடியிருக்கின்றன. லோடு வண்டிக்காரன் சம்பளத்தில் வீட்டு விலை வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்குத்தான் யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று புரியும்.

முதல் வாரமே அதன் மரியாதை எல்லை மீறியது. என்னைப் பார்த்து மட்டும் குனிந்த வண்டி, ராத்திரி யாரும் பார்க்காதபோதும் குனிந்து, காலையில் வயிறு தரையில் படக் கிடந்தது. இன்ஜினைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால், உள்ளே இருக்கிற கம்ப்ரஸர் ஒரு ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தத்தோடு அதை எழுப்பும். எங்கள் தெருவே அந்தச் சத்தத்தில்தான் இப்போது கண் விழிக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தினமும் பல் விளக்கிக்கொண்டே வந்து நிற்பார். "என்ன சார், ஐயா இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்பார். முதல் நாள் வண்டியைப் பார்த்து "சார்" போட ஆரம்பித்தார்; "சார்" அப்படியே இருக்கிறது, குரல்தான் மாறிவிட்டது.

அப்புறம் சீட்டுச் சூடு. பனி நாட்டுக்காரர்களுக்காக சீட்டுக்குள் வைத்திருக்கிற அந்த வசதி, என் சீட்டில் அணையவே மாட்டேன் என்கிறது. வெயிலில், ஏசி வேலை செய்யாத வண்டியில், தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி ஆபீசுக்குப் போய் இறங்குகிறேன். மேலதிகாரி என் நடையைப் பார்த்துவிட்டு "நல்ல டாக்டரா பாருங்க, வெக்கப்படாதீங்க" என்று காதோடு சொன்னார். மேல்கூரைக் கண்ணாடி பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டது. எதிரே விளக்குகள் மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாண வீடு மாதிரி எரிகின்றன. ஒரு விளக்கில் ஆமை படம் போட்டிருந்தது. அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஒர்க்‌ஷாப்பா அது! கண்ணாடி அறை, சோபா, காப்பி. கிரீஸ் வாசனையே இல்லாத இடத்தில் பில் பெரிதாக இருக்கும் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், தன் பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்று குத்தியிருந்தவர், வண்டியில் ஒரு வயரைச் செருகிவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்ப்பதற்கு மட்டும் தனிக் கட்டணம்.

"நாப்பத்தோரு பிழை காட்டுது சார்."

"எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு தம்பி. என் சம்சாரமே அவ்வளவு கண்டுபிடிக்கலை."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்புக்குத் தனிக் கட்டணம் போலிருக்கிறது. "கம்ப்ரஸர் மாத்தணும். நாலு காத்துப் பையும் மாத்திடலாம்."

"ஒண்ணுலதானே ஓட்டை?"

"ஒண்ணு போனா மத்ததும் போயிரும் சார்."

"அப்ப ஒரு பல்லு வலிச்சா முப்பத்திரண்டையும் புடுங்கிருவீங்களா?"

"பல்லுக்கு உத்தரவாதம் கிடையாது சார். இதுக்கு ஆறு மாசம் உண்டு."

அவர் கொடுத்த காகிதத்தின் அடியில் இருந்த எண்ணை, அவருடைய போன் நம்பர் என்று நினைத்து பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் பார்த்தேன் சகலை. யாரோ ஒரு அம்மா எடுத்து, தவறான எண் என்றார். ரொம்பத் தவறான எண்தான்.

அதன் பிறகு எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போனேன். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார், அதனால் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் கொழுந்தியாளும் கூட வந்தாள். டாக்டர் ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எப்ப வாங்கினீங்க?"

"மூணு வாரம்."

"யாருகிட்ட?"

"என் சகலைகிட்ட."

டாக்டர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். துக்க வீட்டில் தோளைத் தொடுகிற மாதிரி என் தோளைத் தொட்டார். "சொந்தத்துக்குள்ள ஆயிருச்சு. என்ன பண்றது?"

பிறகு உள்ளே கையை விட்டு, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பைப் ஒன்று விரிந்து தண்ணீர் ஒழுகுகிறது என்றார். பைப் விலை கொஞ்சம்தானாம். ஆனால் அந்தப் பைப்பின் பக்கத்தில் போக வேண்டுமானால் பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டுமாம், அந்தக் கூலிதான் கூடுதலாம். "பைப்பு சின்னதுதான் சார், அது குடியிருக்கிற இடம்தான் பெரிய இடம்" என்றார். அப்படியே இன்னும் ஆழமாகக் கையை விட்டவர், "அட, ஏற்கனவே யாரோ கட்டுப் போட்டிருக்காங்களே" என்று ஒரு துணியை உருவி எடுத்தார்.

நீலக் கட்டம் போட்ட துணி. எண்ணெயில் ஊறி, நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது.

உங்கள் கொழுந்தியாள் அதைக் கையில் வாங்கினாள். ஓரத்தைத் திருப்பினாள். நகத்தால் எண்ணெயைச் சுரண்டிவிட்டுத் தையலை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என் தையல்" என்றாள்.

ஆமாம் சகலை. போன வருஷம் உங்கள் சமையலறை ஜன்னலுக்கு அக்கா கேட்டாள் என்று இவள் தைத்துக் கொடுத்த திரைச்சீலை. ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு மூலையில் ஒரு முடிச்சு மடிப்பாள், ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. காற்றில் பறந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னீர்களாமே? நல்ல காற்று. ஜன்னலிலிருந்து பறந்து, பானெட்டைத் திறந்து, பைப்பைச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டுப் போன காற்று. அதாவது விற்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பத்து வருஷ அனுபவம் என்று நீங்கள் சொன்னது வண்டியை இல்லை, உங்களைத்தான்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பயிற்சி உண்டு. துணியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "நாலு வருஷம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். என்னைப் பார்த்து இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்து. அக்காவிடம் சொல்கிறாயா என்று கேட்டதற்கு, "அவ வீட்டுச் சண்டையை நான் ஏன் ஆரம்பிக்கணும்?" என்றாள். அவளுக்கு இருக்கிற பெருந்தன்மையில் கால்வாசி எனக்கு இருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாக இருக்காது.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இருநூற்று நாற்பது வெள்ளைக் கோட்டு. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். காலை பத்து மணிக்குள் ஸ்டோர்கீப்பர் கையில் ஒப்படைக்க வேண்டும், திருப்தியாக இருந்தால் வருஷம் முழுக்க ஆர்டர் என்று பேச்சு. டாக்டர் பைப்பை ஒட்டுப்போட்டுத் தந்திருந்தார். பின்பக்கம் கோட்டுகளை அடுக்கினோம். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. நான் சூட்டில் நெளிந்துகொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, டீக்கடையை ஒட்டின காலி இடம் வரைக்கும் மகாராஜா மாதிரி வந்து, அங்கே ஒரு விக்கல் விக்கி, நின்று, 'உஸ்ஸ்' என்று நாலு காலிலும் மண்டி போட்டது. நாங்கள் பதறி இறங்கினோம். இறங்கியதும் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. பின்கதவும்தான். சாவி என் கையில். கண்ணாடி வழியாக உள்ளே திரையில் எழுத்து மின்னுகிறது: 'சாவி அருகில் இல்லை.'

மணி ஒன்பது இருபது.

டாக்டருக்குப் போன் போட்டேன். "மேல்கண்ணாடி தொறந்துதானே இருக்கு? உள்ள எறங்கி, பின்சீட்டைச் சாச்சு, துணியை மேலே குடுங்க" என்றார். இந்த மனுஷனுக்கு என் வயிற்றைத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

டீக்கடைக்காரர் முக்காலி கொடுத்தார். ஏறினேன். கால் போனது, தொடை போனது, இருபத்திரண்டு வருஷ நாற்காலி உத்தியோகம் போகவில்லை. பாதி உடம்பு வானத்திலும் பாதி உடம்பு வண்டியிலுமாக நிற்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரம். கூட்டம் கூடிவிட்டது. ஒரு நர்ஸம்மா அக்கறையாகக் கேட்டார்: "சார், மயக்கம் வந்தா சொல்லுங்க, எதிர்லதான் ஆஸ்பத்திரி."

டீக்கடைக்காரர் என் தோளில் கைவைத்து, மூச்சை விடச் சொல்லி, ஒரே அழுத்து. நேராகப் போய் அந்தச் சூடான சீட்டிலேயே உட்கார்ந்தேன். அப்போது நான் உங்களைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது, அக்கா படிக்கக்கூடும். உள்ளேயிருந்தும் கதவு திறக்கவில்லை, கோட்டுகளைப் பத்துப் பத்தாக மேலே தூக்கிக் கொடுத்தேன். அவள் முக்காலியில் நின்று வாங்கினாள். கூட்டமே கை மாற்றிக் கை மாற்றி வாசலுக்குள் கொண்டுபோனது, கடைசியில் என்னையும் அதே வழியாக இழுத்து வெளியே போட்டது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "தையல் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அறுபது கோட்டுல கை ரெண்டு விரக்கடை நீளம். இந்த மாதிரி அவசரத்துக்கு உங்களை எங்க வந்து தேடுறது? இந்தத் தெருவுல உங்களுக்கு ஒரு கடை இருந்தா வருஷ ஆர்டர் தர்றேன். ஒண்ணாந்தேதி வந்து பாப்பேன்."

ஆகவே, சகலை, அந்தப் பணம் ஒன்றாம் தேதிக்குள் வேண்டும். உங்கள் வண்டி அதே இடத்தில் மண்டி போட்டபடி இருக்கிறது. வந்து கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். தவறினால், இத்துடன் இணைத்திருக்கும் நீலக் கட்டத் துணியில் மறுபாதி அக்காவின் கைக்குப் போகும். அப்புறம் நீங்களும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். உங்களுக்கும் வயிறு உண்டு.

அக்காவுக்கு என் வணக்கம். திரையில்லாத அந்த ஜன்னலுக்கும் என் அனுதாபம். பதினாறு செல்வங்களும் உங்களைச் சேரட்டும், அதில் பதினேழாவதாக இந்த வண்டியும் சேரட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் ஆய்வு செய்யாமல் வாங்கிய
அன்புச் சகலை

பின்குறிப்பு: மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவில் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. கடிதத்தை உறையில் போட்டு, ஆபீசுக்கு எடுத்துப்போனேன், தபாலில் சேர்க்கலாம் என்று. கை பழக்கம் பாருங்கள், முத்திரை குத்தி, பதிவு எண் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டேன். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, லேசாக மஞ்சளாகக்கூட ஆரம்பித்திருக்கிறது. உங்களிடமிருந்து பதில் வரவில்லையே என்று இத்தனை நாள் உங்களைத் திட்டியதற்கு மன்னிக்கவும்.

இதற்குள் இங்கே கொஞ்சம் மாறிவிட்டது. அந்த அறுபது கோட்டுக்கும் கை சுருக்க, நான் கடிதம் எழுதிய மறுநாள் இவள் மெஷினோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உட்கார இடமில்லை. டாக்டர் வந்து பின்கதவை நெம்பித் திறந்தார். திறந்தது இனி மூடாது என்றார். மூடவில்லை, மேலே தூக்கியபடி நல்ல நிழல் தருகிறது. வண்டி மண்டி போட்டிருப்பதால் பின்தட்டு சரியாக மெஷின் வைக்கிற உயரம். டீக்கடைக்காரர் பாட்டரிக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார், காலி இடம் அவருடையதுதான், இப்போது டீ இரண்டு மடங்கு போகிறதாம். தைத்த கோட்டை மடித்து என் சீட்டில் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டால், பத்து நிமிஷத்தில் இஸ்திரி போட்ட மாதிரி வருகிறது. நர்ஸம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். முழங்கை எதிலும் இடிக்கவில்லை என்று நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னாள், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

ஒன்றாம் தேதி ஸ்டோர்கீப்பர் வந்தார். "கடை எங்கம்மா?" என்றார். இவள் கையைக் காட்டினாள். அவர் சுற்றி வந்தார். "கதவு இருக்கு, வெளிச்சம் இருக்கு. பூட்டு இருக்கா?" என்றார். "அது ஒண்ணுதான் சார் எக்கச்சக்கமா இருக்கு" என்றேன். வருஷ ஆர்டரில் கையெழுத்தாகிவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நம் யானை விஷயத்தில் இரண்டாவது பாதி மட்டும் உண்மை.

ஆகவே மேலே கண்ட எதையும் மனதில் கொள்ள வேண்டாம். முத்திரை குத்திய மனுவைக் கிழிக்க எங்கள் விதியில் இடமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். இணைப்புத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன், இவள் அதில் ஊசி குத்தி வைக்கிறாள். பணம் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து வண்டியை எடுக்கவும் வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் ஒன்று உண்டு, அங்கே தையல்கடை கிடையாது. உங்கள் வீட்டில் இதே மாதிரி வெள்ளையில் ஒன்று வந்து நிற்கிறதாம், அக்கா போனில் சொன்னாளாம். விலையைச் சொல்லுங்கள். இந்தத் தடவை உங்கள் கொழுந்தியாளே நேரில் வந்து ஆய்வு செய்வாள். சாவியைத் திருகி, ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.